நான்காம் எண்ணிக்கையில் ஒரு கொலுசுச் சத்தம்

முதல் நாள்: சேலம்

இரவு ரயிலில் சென்னையிலிருந்து கிளம்பி, விடியும் முன்பே சேலம் சந்திப்பில் இறங்கிவிட்டோம். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் சொல்லும் வழக்கமான காரணங்கள் எதுவும் எங்களுக்கு இல்லை. எங்கள் காரணம் சற்று விசித்திரமானது என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நானும் என் மனைவியும் ஆறு ஆண்டுகளாகச் சல்சா என்னும் ஜோடி நடனம் ஆடுகிறோம். மேடை ஏறுவதற்காக அல்ல. சனிக்கிழமை மாலைகளில் ‘சோஷியல்’ என்று கூடுவார்கள். அங்கே ஒத்திகை எதுவும் இல்லாமல், ஒலிக்கிற பாட்டுக்கு, எதிரே நிற்பவர் யாரானாலும் அவரோடு ஆடுவோம். இருவரில் ஒருவர் லீட், மற்றவர் ஃபாலோ. அடுத்து என்ன என்பதை லீட் அந்த நொடியில் முடிவுசெய்து தன் கையாலும் உடல் எடையின் நகர்வாலும் தெரிவிக்க வேண்டும். ஃபாலோ அதை உடலால் கேட்டு ஆட வேண்டும். வாயால் சொல்வதற்கு அங்கே இடமில்லை.

சென்ற மாதம் ஒரு நண்பர் எங்கள் ஆட்டத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பினார். நான்கு நிமிடப் பாட்டு. நிமிடத்துக்கு 180 தட்டு வேகத்தில் போகும் பாட்டில் எட்டு எண்ணிக்கை முடிய மூன்று வினாடிகூட ஆகாது. அந்தக் கணக்கில் நான்கு நிமிடத்துக்குள் சுமார் 90 எட்டுகள் அடங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக எழுதினேன். ‘கிராஸ் பாடி லீட்’ 23 முறை வந்திருந்தது. லீட் ஒன்று, இரண்டு, மூன்றில் பக்கவாட்டில் விலகி வழிவிட, ஐந்து, ஆறு, ஏழில் ஃபாலோ அவரைக் கடந்து எதிர்ப்பக்கம் போகும் நகர்வு அது; சல்சாவின் சோறு என்றே சொல்லலாம். ஆகவே 23 என்பது என்னைத் திடுக்கிட வைக்கவில்லை. அந்த 23இல் 19 முறை அதை அடுத்து நான் செய்தது ஃபாலோவை வலப்பக்கம் சுற்றவைக்கும் ஒரே ‘ரைட் டர்ன்’ என்பதுதான் திடுக்கிட வைத்தது. எனக்குத் தெரிந்த நகர்வுகள் முப்பதுக்குக் குறையாது; ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நான் பயன்படுத்தும் பாதைகள் ஏழோ எட்டோதான். மாடு தானே வீடு திரும்புவதுபோல் என் கை தானே அங்கே போய் நிற்கிறது.

மனைவியிடம் காட்டியபோது, “இது உங்களுக்கு இப்பத்தான் தெரியுதா?” என்றாள். இந்தப் பழக்கத்தை முறிக்கத்தான் ஐந்து நாள் விடுப்பு எடுத்தோம். ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் வீட்டின் பழைய கூடத்தை மூன்று இரவுகளுக்கு வாடகைக்குப் பிடித்தோம்.

இன்றைய இரவு மட்டும் அம்மாபேட்டையில், மனைவியின் அத்தை வீட்டில். பகலில் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு வாங்கினோம். சேலத்துக்கு வந்துவிட்டுக் கொலுசு வாங்காமல் போவது அத்தைக்கு அவமானமாம். மணி அதிகம் வைத்தது வேண்டுமா, இரண்டு மணி மட்டும் தொங்குவது போதுமா என்று கடைக்காரர் கேட்க, அதிகம் வைத்ததையே மனைவி எடுத்தாள்.

மாலையில் தட்டுவடை செட்டோடு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது, நாங்கள் ஆடுவது எப்படியிருக்கும் என்று அத்தை கேட்டார். என் கைப்பேசியில் ‘ருவேதா தே காசினோ’ காணொளி ஒன்று இருந்தது. 1950களின் இறுதியில் கியூபாவின் ஹவானா நகரில் உருவான ஆட்டம் அது. பல ஜோடிகள் வட்டமாக நின்று ஆட, ஒருவர் மட்டும் நகர்வின் பெயரைக் கூவுவார். எல்லோரும் ஒரே நேரத்தில் அதைச் செய்து, நொடியில் ஜோடி மாற்றிக்கொள்வார்கள். அத்தை கண்ணாடியைச் சரிசெய்து பார்த்துவிட்டு, “கையில கோல் இல்ல, அவ்வளவுதான மாப்பிள்ளை?” என்றார். பள்ளிக்கூடத்தில் அவர் பின்னல் கோலாட்டம் ஆடியவர். மேலே ஒரு புள்ளியிலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, உள்ளும் வெளியுமாக ஓடி ஆடும்போது நடுவே சடையாகப் பின்னல் விழும். பிறகு அதே அடிகளைத் தலைகீழாக ஆடினால் பின்னல் அவிழும்.

“பின்னுறப்ப ஒருத்தி தப்பு பண்ணாலும் வெளியில தெரியாதுங்க. சடை கொஞ்சம் கோணலா இருக்கும், அவ்வளவுதான். அவுக்கறப்பதான் மாட்டிக்குவா” என்றார் அத்தை. இதைப் படுக்கப் போகும் முன் எழுதிவைத்துக்கொள்கிறேன், எதற்கு உதவும் என்று இப்போதைக்குத் தெரியாவிட்டாலும்.

இரண்டாம் நாள்: ஏற்காடு

அரசுப் பேருந்தில் மலையேறினோம். அடிவாரம் தாண்டியதும் தொடங்கும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே போவதற்காக ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கை பிடித்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் வண்டி ஒவ்வொரு விதமாகத் திரும்புகிறதே என்று கேட்டதற்கு, “வளைவுக்குள்ள போயி கியர் மாத்தக் கூடாது சார், அதுக்கு முன்னாடியே முடிச்சிறணும்” என்று மட்டும் சொன்னார். நான் நோட்டை எடுத்ததைப் பார்த்த மனைவி, “தயவுசெஞ்சு பஸ்ஸையும் சல்சா ஆக்கிடாதீங்க” என்றாள். ஆக்கவில்லை.

கூடம் நாங்கள் எதிர்பார்த்ததைவிட நல்லதாக இருந்தது. வழுவழுப்பான சிவப்புக் காவித் தரை, ஓட்டுக்கூரை, ஒரு பக்கம் முழுதும் ஜன்னல், வெளியே சில்வர் ஓக் மரங்களின் கீழ் காப்பிச் செடிகள். இது ஐப்பசிக் கடைசி. காப்பிக் காய் இப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. பக்கத்து அறையில் ஒரு முதியவர் தங்கியிருந்தபடியால் பாட்டை மெல்ல ஒலிக்கவிட்டோம். இந்த மெல்லிய ஒலிதான் எல்லாவற்றையும் வெளிக்கொண்டுவந்தது.

சல்சாவில் அடி வைப்பது ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு ஆகிய எண்ணிக்கைகளில். நான்கிலும் எட்டிலும் கால் நிற்க வேண்டும். மனைவி புதுக் கொலுசைக் கழற்றாமலேயே ஆடவந்தாள். அடிதோறும் கொலுசு ஒலித்து, நான்கிலும் எட்டிலும் அடங்கியது. தாளக்கருவி ஒன்றை இலவசமாகப் பெற்றதுபோல் இருந்தது. பிறகு நான் என் பழக்கத்தை முறிக்கும் முதல் பயிற்சியைத் தொடங்கினேன். கிராஸ் பாடி லீட் முடிந்ததும் ரைட் டர்னைத் தராமல், வெறும் ‘பேசிக்’ அடியில் நிற்பது என்பதே திட்டம். மிக எளிதான திட்டம்தான். ஆனால் நான் டர்ன் தராதபோதும், அடுத்த எட்டின் நான்கில், அடங்கியிருக்க வேண்டிய கொலுசு ‘சல்’ என்று ஒலித்தது. அவள் கால் திரும்புவதற்காகத் தானே எழுந்துவிட்டிருந்தது. வராத டர்னுக்கு எழுந்த கால்.

பத்து முறை செய்து பார்த்தோம். ஒன்பது முறை ஒலித்தது. வகுப்பில் ஆசிரியர்கள் ஃபாலோக்களிடம் ஓயாமல் சொல்வார்கள், ‘ஆன்டிசிபேட் பண்ணாதீங்க’, அதாவது லீட் தரும் முன்பே எதிர்பார்த்து ஆடாதீர்கள் என்று. அதையே நானும் சொன்னேன். என் குரலில் ஒரு துப்பறிவாளனின் பெருமிதம் இருந்ததாக அவள் பின்னர் குற்றம் சாட்டினாள். “ஆறு வருஷமா ஒரே டர்ன் குடுத்தா கால் வேற என்ன பண்ணும்?” என்றாள். இதில் நியாயம் இருந்தது. நான் பழகியதன் மறுபாதி அவள் உடலில் பழகியிருக்கிறது. ஆகவே இன்று இரவுக்கு என் முடிவு இது: நான் நகர்வை மாற்ற வேண்டும், அவள் காத்திருக்கப் பழக வேண்டும்.

இரவு லேடிஸ் சீட் வரை நடந்துபோய்ச் சேலத்தின் விளக்குகளைப் பார்த்தோம். அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள்: ஏற்காடு, மழை

காலை முதல் மழை. பகோடா பாயின்ட்டுக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டு, ஒரு பெரிய தாளில் எங்களுக்கு நன்கு கைவந்த பத்து நகர்வுகளை மட்டும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது முடியும்போது எந்தக் கை எந்தக் கையைப் பிடித்திருக்கிறது, எந்தக் கை மேலே இருக்கிறது, இருவரும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று மூன்று விவரங்களைக் குறித்தேன். இணைப்பு என்பது இந்த மூன்றும் பொருந்தும் இடம்தான். உதாரணமாக, வலது கைகள் மேலாகக் கைகளைக் குறுக்கே பிடித்து ஒரு ரைட் டர்ன் தந்தால், முடிவில் இடது கைகள் மேலே வந்துவிடும். அந்நிலையில் முன்பு தெரிந்த நகர்வை அப்படியே தொடர முடியாது. ஆனால் அதுவரை திறக்காத வேறொன்று திறக்கும். கற்றுத்தருபவர்கள் நகர்வுக்குத்தான் பெயர் சூட்டுகிறார்கள், இணைப்புக்குச் சூட்டுவதில்லை. பெயர் இல்லாததால் அது நினைவிலும் தங்குவதில்லை என்று தோன்றுகிறது. முப்பது நகர்வுகளும் எட்டே பாதைகளும் என்ற என் நிலைமைக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பத்துக்குப் பத்து என்று கட்டம் போட்டால் நூறு இணைப்புகள் கிடைக்கும். ஏறத்தாழ முப்பது கட்டங்களைக் கைநிலை பொருந்தாது என்று அடித்துவிட்டேன். மனைவி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அடித்தவற்றில் பாதியைத் திரும்ப உயிர்ப்பித்தாள். “நகர்வு முடிஞ்சாத்தான் அடுத்ததுன்னு யார் சொன்னது? நடுவுல மாத்தினா?” என்பது அவள் கேள்வி. உண்மைதான். ‘கோப்பா’ என்று ஒரு நகர்வு இருக்கிறது. கிராஸ் பாடி லீட்டைப் போலவே தொடங்கி, ஃபாலோ கடந்துபோகப் பாதி வழியில் இருக்கும்போது தடுத்து, வந்த பக்கமே திருப்பி அனுப்புவது. அதைத் தனி நகர்வாகத்தான் ஆறு ஆண்டுகள் ஆடியிருக்கிறேன். அது உண்மையில் பாதியில் முறிக்கப்பட்ட கிராஸ் பாடி லீட். எந்த நகர்வையும் ஐந்திலோ ஆறிலோ இப்படி முறிக்கலாம் என்றால் என் கட்டத்துக்குக் கணக்கே இல்லை.

பிறகு அத்தையின் கோலாட்டம் நினைவுக்கு வந்தது. ‘ஹேமர்லாக்’ என்பதில் இரண்டு கைகளையும் பிடித்தபடி, என் இடக்கையை மட்டும் உயர்த்தி அவளை வலப்பக்கம் சுற்றினால், அவளுடைய இடக்கை அவள் முதுகுக்குப் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். அதிலிருந்து வெளியே வர நான் எப்போதும் ஒரு கையை விட்டுவிடுவேன். இன்று கையை விடாமல், போன வழியே இடப்பக்கம் சுற்றி அவிழ்த்தேன். அவிழ்ந்தது. அடுத்து, நான்கு நகர்வுகள் கொண்ட என் வழக்கமான சங்கிலி ஒன்றைக் கடைசியிலிருந்து முதலுக்கு ஆடிப்பார்த்தோம். மூன்றாவது கண்ணியில் இருவரும் முட்டிக்கொண்டோம். அத்தை சொன்னது சரிதான்: பின்னும்போது நான் எதையோ எப்போதும் கோணலாகவே செய்துகொண்டிருந்திருக்கிறேன். இரண்டாம் நகர்வின் முடிவில் அவளைச் சற்றே அருகில் இழுத்துவிடுகிறேன் என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் புலப்பட்டது. முன்னோக்கி ஆடும்போது அடுத்த கிராஸ் பாடி லீட் அந்தத் தவற்றை விழுங்கிவிடுகிறது.

மாலையில், நியூயார்க்கில் எடி டோரஸ் கற்பித்துப் பரவச் செய்த ‘ஆன் டூ’ முறையை முயன்றோம். அதே ஆறு அடிகள், நான்கிலும் எட்டிலும் அதே நிறுத்தம்; ஆனால் உடல் திசை மாற்றும் அடி ஒன்றிலும் ஐந்திலும் வராமல் இரண்டிலும் ஆறிலும் வரும். எனக்கு எதுவுமே வரவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன்: வழக்கமான ரைட் டர்னும் வரவில்லை! பழக்கம் எண்களோடு சேர்ந்தே உடலில் பதிந்திருக்கிறது போலும். நாளை இதைத் தொடர வேண்டும் என்று எழுதிவைத்தேன். தொடருவேன் என்ற நம்பிக்கை இல்லை.

நான்காம் நாள்: ஏற்காடு

நேற்று முன்தினம் எழுதியதில் பாதி தவறு. அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவைத்து, சரியானதை இங்கே எழுதுகிறேன்.

காலையில் வெயில் வந்தது. மனைவி, “இன்னிக்கு நான் லீட்” என்றாள். 1940களின் புவெனஸ் அயர்ஸில் இளைஞர்கள் பயிற்சிக் கூடங்களில் ஆணோடு ஆணாக ஆடி, முதலில் ஃபாலோ பக்கத்தைக் கற்ற பிறகே டாங்கோவில் லீட் செய்யத் தொடங்கினார்கள் என்பார்கள். நான் அந்த வழியில் வந்தவனில்லை. ஃபாலோ செய்து எனக்குப் பழக்கமே இல்லை. அவள் கிராஸ் பாடி லீட் தந்து என்னை எதிர்ப்பக்கம் அனுப்பினாள். அவள் கை அசையவேயில்லை. நான் ரைட் டர்னில் சுற்றிக்கொண்டிருந்தேன்! மூன்று முறை இப்படி நடந்தது. நான் தருகிற டர்னை, தராத ஒருத்தியிடமிருந்து நானே வாங்கிக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். கழுத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள்.

பிறகு பழையபடி நான் லீட் செய்யத் தொடங்கியபோது, “கொலுசை உங்க கால்ல கட்டுவோம்” என்றாள். “நியாயம்னா ரெண்டு பேருக்கும்தான்.” என் கணுக்காலுக்கு அது எட்டவில்லை. இரு முனைகளையும் ஷூ லேஸால் இணைத்து என் இடக்காலில் கட்டினாள். இன்னொன்று அவள் காலிலேயே இருந்தது. சாவி கொடுக்க வந்த காவலாளி, “பாப்பாவுக்கு வாங்கினதா சார்?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

ஆடினோம். கிராஸ் பாடி லீட்டின் ஐந்து, ஆறு, ஏழு. எட்டில், இருவர் காலும் நிற்க வேண்டிய இடத்தில், என் கொலுசு ஒலித்தது. அடுத்த எட்டின் நான்கில் அவளுடையது ஒலித்தது. நான் டர்ன் தரவே இல்லை. மறுபடியும் அப்படியே: எட்டில் நான், நான்கில் அவள். பிறகு வேறொரு நகர்வுக்குப் போக உண்மையிலேயே மனத்தில் முடிவெடுத்துக்கொண்டு ஆடியபோது, என் எட்டு மௌனமாக இருந்தது. அவளுடைய நான்கும் மௌனமாக இருந்தது.

விஷயம் இதுதான். ரைட் டர்னுக்குத் தயாராகும் ஒவ்வொரு முறையும், முந்தைய எட்டாம் எண்ணிக்கையிலேயே என் இடது குதிகால் ஒரு நூலளவு எழுந்து தரையைத் தொடுகிறது. டர்ன் தரக்கூடாது என்று என் தலை தீர்மானித்திருந்த நேரத்திலும் குதிகால் தன் பழைய வேலையைச் செய்துகொண்டிருந்தது. கை அமைதியாக இருந்தாலும் குதிகாலின் அசைவு இடுப்பு, தோள், முன்கை வழியாக அவள் விரல்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆக, அவள் வராத டர்னை எதிர்பார்த்து எழவில்லை. வந்த குறிப்பைக் கேட்டே எழுந்தாள். ஆறு ஆண்டுகளாக மிக நல்ல ஃபாலோவாக இருந்ததற்காகத்தான் நேற்று முன்தினம் நான் அவளைத் திருத்த முயன்றிருக்கிறேன்.

இதை அவளிடம் சொன்னபோது, குதிகால் என்று தனக்கும் தெரியாது என்றாள். “உங்க தோள் கொஞ்சம் இறங்கும். அதுக்கப்புறம் டர்ன் வரும். அது லீட்தான்னு நெனச்சேன்.”

குதிகாலை வேண்டுமென்றே தரையில் அழுத்திப்பிடித்து ஆடியபோது அவள் கொலுசு பத்துக்கு எட்டு முறை அடங்கியிருந்தது. ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. கிராஸ் பாடி லீட் முடிந்த பிறகு எனக்கு அடுத்து எதுவும் தோன்றவில்லை. நேற்றைய தாளில் நூறு கட்டங்கள் இருக்கின்றன. காலுக்கு ஒன்றும் நினைவில்லை. இரண்டு எட்டுகள், மூன்று எட்டுகள் வெறும் பேசிக்கிலேயே கழிந்தன. சோஷியலில் இப்படி நின்றால் எதிரிலிருப்பவர் சலித்துக்கொள்வார் என்ற அச்சம் எனக்கு எப்போதும் உண்டு. அந்த அச்சத்துக்குத்தான் ரைட் டர்னைத் தீனியாகப் போட்டு வந்தேனோ என்னவோ. மனைவி சலித்துக்கொள்ளவில்லை. அந்த வெற்று எட்டுகளில்தான் பாட்டில் காங்கா மேளம் எங்கே ஒலிக்கிறது என்று முதல்முறையாகக் கேட்டதாகச் சொன்னாள். நான்காவது எட்டில் என் வலக்கை தானாகக் குறுக்கே போய் அவள் வலக்கையைப் பிடித்தது. அங்கிருந்து எங்கே போனோம் என்பதைத் திரும்பச் செய்துகாட்ட இருவராலும் முடியவில்லை. எழுதிவைத்துக்கொள்ளவும் இல்லை.

மாலையில் சேர்வராயன் கோயிலுக்குப் போனோம். 1,623 மீட்டர் உயரம், குகைக்குள் சந்நிதி, வெளியே முகத்தில் அறையும் காற்று. திரும்பும்போது லேஸை அவிழ்க்க மறந்த கொலுசு என் காலில் ஒலித்துக்கொண்டே வந்தது.

ஐந்தாம் நாள்: சேலம்

பேருந்தில் இறங்கினோம், வளைவுகளை எண்ணவில்லை, தூங்கிவிட்டேன்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. அத்தை வீட்டு மொட்டைமாடியில் தறிச் சத்தம் பக்கத்துத் தெருவிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. ஆடிக்காட்டச் சொன்னார். காய்ந்த துணிகளை எடுத்துவிட்டு, கைப்பேசியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துப் பாட்டைப் போட்டோம். சிமெண்டுத் தரை காலைப் பிடித்துக்கொண்டது, செருப்போடு ஆடினோம். முதல் நிமிடத்திலேயே என் குதிகால் இரண்டு முறை எழுந்தது. அத்தைக்கு அது தெரிந்திருக்காது, கொலுசு கேட்டுவிட்டது.

ஹேமர்லாக்கைப் பூட்டிவிட்டு, கையை விடாமல் வந்த வழியே அவிழ்த்துக் காட்டியபோது அத்தை எழுந்து அருகில் வந்தார். “அப்படியே நில்லுங்க, மறுபடியும் பூட்டுங்க” என்றார். பூட்டினேன். என் இடக்கையைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்காமல் கீழே இறக்கி, என்னை அவள் முதுகுப்பக்கமாக அரை வட்டம் நடக்கவைத்தார். “இவளயே எதுக்குச் சுத்த விடறீங்க? நீங்க சுத்துங்க. கயிறு அதுபாட்டுக்கு வரும்.” நடந்தேன். எங்கள் நான்கு கைகளும் நான் ஒருபோதும் பார்த்திராத ஒரு முடிச்சில் வந்து நின்றன. என் தாளின் எந்தக் கட்டத்திலும் இது இல்லை.

“இங்கயிருந்து எப்படிப் போவீங்க?” என்று கேட்டார் அத்தை.

எனக்குத் தெரியவில்லை. மனைவி எனக்கு முதுகைக் காட்டி நின்றபடி தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, காலை மாற்றாமல் காத்திருந்தாள். அந்தப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.